ஷவரில் வெந்நீர் பதம் ஏன் நிற்பதில்லை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருச்சியில் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் பராமரிப்பு வேலையைப் பார்க்கிறேன். கார்த்திகை பிறந்துவிட்டால் மற்ற புகார்களைத் தள்ளிக்கொண்டு ஒன்று முன்னால் வந்து நிற்கும்: "ஷவர்ல நின்னா ஒரு நிமிஷம் சுடுது, அடுத்த நிமிஷம் சில்லுனு விழுது." வீட்டுக்கு வீடு காரணம் வேறு, கேள்விகள் மட்டும் ஏறக்குறைய ஒன்றே. மாடித் தொட்டி, கீசர், மிக்சர் என்று அமைந்த நம்மூர் வீடுகளை மனத்தில் வைத்து, என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

சூடு ஏறி இறங்குகிறது. கீசர் கெட்டுப்போய்விட்டது என்று அர்த்தமா?

பெரும்பாலும் இல்லை. முன்பு அண்டாவில் காய்ந்த வெந்நீரை மொண்டு பக்கெட்டில் ஊற்றி, பச்சைத் தண்ணீர் விட்டு விளாவுவோம். கொஞ்சம் கூடக் குறைய விழுந்தாலும் பக்கெட்டுக்குள் எல்லாம் கலந்து ஒரே பதத்துக்கு வந்துவிடும். ஷவரில் அந்தப் பக்கெட் கிடையாது. சுவரில் இருக்கும் மிக்சர் ஒவ்வொரு நொடியும் விளாவுகிறது, விளாவியது அப்படியே தலையில் விழுகிறது. இரண்டு குழாய்களில் ஒன்றில் வரத்து சற்றுத் தளர்ந்தாலும் அந்த நொடியே தோலுக்குத் தெரிந்துவிடும்.

நான் பார்த்த வீடுகளில் பாதிக்கு மேல் வெந்நீரின் சூடு மாறவே இல்லை. வெந்நீரும் பச்சைத் தண்ணீரும் கலக்கும் அளவுதான் மாறியது. அந்த நிலையில் எத்தனை கீசர் மாற்றினாலும் பணம்தான் போகும். எனவே கடைக்குப் போகும் முன் கோளாறு சூட்டிலா, வரத்திலா என்று பிரித்துப் பார்த்துவிடுங்கள்.

அதை நானே பிரித்துப் பார்க்க முடியுமா?

முடியும். ஒரு பக்கெட்டும் கைபேசிக் கடிகாரமும் போதும்.

வீட்டில் வேறு எந்தக் குழாயும் திறக்காத நேரமாகப் பாருங்கள். கீசர் சூடாகி விளக்கு அணைந்த பிறகு, வெந்நீரை மட்டும் முழுதாகத் திறந்து பக்கெட்டில் பிடியுங்கள். நிறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து பச்சைத் தண்ணீரை மட்டும் திறந்து அதே பக்கெட்டை நிரப்புங்கள். வெந்நீருக்கு இரண்டு நிமிடம், பச்சைத் தண்ணீருக்கு முக்கால் நிமிடம் என்று வந்தால் இரண்டு வரத்தும் சமமாக இல்லை. அப்படிப்பட்ட வீட்டில் மிக்சர் பிடியை ஒரு நூல் அசைத்தாலே பதம் தாவும்.

வெந்நீரை மட்டும் பிடித்தபோதே சூடு ஏறி இறங்கியதா? அப்படியானால் கீசரையோ அதற்குப் போகும் தண்ணீரையோ பார்க்க வேண்டும். வெந்நீர் தனியாக வரும்போது நிலையாக இருந்து, கலக்கும்போது மட்டும் மாறினால் மிக்சரும் அழுத்தமும்தான் சந்தேகத்துக்குரியவை. இந்தச் சோதனையில் கையை நேராக நீட்டிப் பார்க்காதீர்கள். 60 டிகிரித் தண்ணீர் பெரியவர்களின் தோலையே சுமார் 5 நொடியில் பொத்துவிடும்.

கோளாறு எந்தத் தாளத்தில் வருகிறது என்பதும் ஒரு துப்பு. யாரோ குழாய் திறக்கும்போது மட்டும் என்றால் பொதுக் குழாயில் வரத்துப் போதவில்லை. அரை நிமிடத்துக்கு ஒருமுறை ஒரே சீராக வந்தால் பம்ப், இல்லாவிட்டால் இன்ஸ்டன்ட் கீசர் (சின்னத் தொட்டியில் ஓட ஓடச் சூடாக்குவது). ஐந்து நிமிடம் நன்றாக வந்து பிறகு ஒரேயடியாக ஆறினால் கீசரின் கொள்ளளவு. முதல் அரை நிமிடம் மட்டும் சில்லென்று வந்தால் அது கோளாறே இல்லை. குழாயில் தேங்கி ஆறிய தண்ணீர் முதலில் வெளியேறுகிறது, அவ்வளவுதான். முக்கால் அங்குல சிபிவிசி (வெந்நீர் தாங்கும் பிளாஸ்டிக்) குழாயில் மீட்டருக்குக் கால் லிட்டர் நிற்கும். கீசர் 10 மீட்டர் தள்ளியிருந்தால் இரண்டரை லிட்டர் வெளியேறிய பிறகுதான் சுடுதண்ணீர் வரும்.

கழிப்பறையில் ஃப்ளஷ் செய்தால் எனக்குத் தண்ணீர் கொதிக்கிறது. என்ன தொடர்பு?

ஃப்ளஷ் டேங்க் நிரம்பும் வரை பச்சைத் தண்ணீரை இழுக்கிறது. அது ஷவரின் பச்சைத் தண்ணீர் குழாயிலிருந்தே கிளை பிரிந்திருந்தால், உங்கள் பங்கு குறையும். வெந்நீர் குறையாமல் வருவதால் கலவை சுடுகிறது. சமையலறையில் வெந்நீரைத் திறந்தால் இதற்கு நேர்மாறு, உங்களுக்குச் சில்லென்று விழும்.

செலவில்லாத மருந்து ஒன்று உண்டு. ஃப்ளஷ் டேங்குக்குப் போகும் ஆங்கிள் காக்கை, அதாவது சுவரில் தண்ணீரை மூடித் திறக்கும் சின்னத் திருகைப் பாதிக்கு மேல் மூடிவிடுங்கள். ஒரு நிமிடத்தில் நிரம்பியது மூன்று நிமிடத்தில் நிரம்பும். யாருக்கும் நட்டமில்லை, ஷவரில் தெரியும் தாக்கம் வெகுவாகக் குறையும். வாஷிங் மெஷின் குழாய்க்கும் இதையே செய்யலாம். நான் ஒரு வீட்டுக்குள் போனால் முதலில் திருகுவது இந்தக் காக்கைத்தான்.

நிரந்தரத் தீர்வு வேண்டுமென்றால் மாடித் தொட்டியிலிருந்து ஷவருக்கும் கீசருக்கும் மட்டும் தனிக் குழாய் இறக்க வேண்டும். வீடு கட்டும்போது இது சின்ன வேலை, பிறகு பெரிய வேலை.

கீழ் வீட்டில் நன்றாக வருகிறது. மேல்மாடிக் குளியலறையில் மட்டும் ஏன் இந்தப் பாடு?

தண்ணீர் மட்டம் 10 மீட்டர் உயரத்தில் இருந்தால் கீழே கிடைப்பது, பிளம்பர்கள் சொல்லும் கணக்கில், ஒரு கிலோ பிரஷர். மொட்டை மாடியில் மூன்றடி மேடைமேல் தொட்டி இருக்கிறது, அதற்கு நேர்கீழே உங்கள் குளியலறை என்று வைத்துக்கொள்வோம். ஷவர் தலைக்கும் தொட்டியின் அடிக்கும் இடையே 2 மீட்டர்தான் தேறும். அதாவது கால் கிலோகூட இல்லை. ஒரு மாடி இறங்கினால் இன்னும் 3 மீட்டர் சேர்ந்து அரைக் கிலோ ஆகிவிடும்.

இவ்வளவு சன்னமான அழுத்தத்தில் எல்லாமே கணக்குக்கு வரும். தொட்டி நிரம்பியிருக்கும்போது ஒரு மீட்டர் கூடுதல் உயரம் கிடைக்கும், காலியாகக் காலியாக அது போய்விடும். மேல்மாடிக்கு அது மூன்றில் ஒரு பங்கு இழப்பு. இன்னொன்றும் உண்டு. கீசருக்குள் போகும் இடத்தில் பாதுகாப்பு வால்வு இருக்கிறது. வெந்நீர் திரும்பிப் போகாதபடி தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வும் அதற்குள்ளேயே சேர்ந்திருக்கும். அதன் ஸ்பிரிங்கைத் திறக்க ஒரு குறைந்தபட்ச அழுத்தம் தேவை. பச்சைத் தண்ணீர் குழாய்க்கு இந்தத் தடை கிடையாது. அதனால் தொட்டி மட்டம் இறங்கும்போது பச்சைத் தண்ணீரைவிட வெந்நீர்தான் அதிகம் சுணங்கும். காலையில் முதலில் குளிப்பவருக்கு நன்றாக இருந்து, கடைசியில் குளிப்பவருக்குச் சில்லிடுவதில் இதற்கும் பங்குண்டு.

அந்த வால்வைக் கழற்றி எறிந்தால் வெந்நீர் நன்றாக வரும் என்று சிலர் சொல்வார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள். சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டு தண்ணீர் கொதிநிலை தாண்டினால் அழுத்தத்தை வெளியே விடுவதற்கு அது ஒன்றுதான் இருக்கிறது. கீசர் சூடாகும்போது அதிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வடிவது இயல்பு. அந்த வாயை அடைப்பதும் கூடாது.

பிரஷர் பம்ப் போட்டோம். அதற்குப் பிறகு இன்னும் மோசமாகிவிட்டதே?

பம்ப் எந்தக் குழாயில் மாட்டப்பட்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள். பச்சைத் தண்ணீர் குழாயில் மட்டும் மாட்டியிருந்தால் அது ஒன்றரை, இரண்டு கிலோவில் தள்ளும். வெந்நீர் கால் கிலோவில் தயங்கி நிற்கும். மிக்சருக்குள் பச்சைத் தண்ணீர் வெந்நீரை அடித்துத் துரத்திவிடும். கீசருக்கும் ஷவருக்கும் கிளை பிரிவதற்கு முன்னால், பொதுக் குழாயில்தான் பம்ப் இருக்க வேண்டும். அப்போதுதான் இரண்டுக்கும் ஒரே தள்ளல் கிடைக்கும். மாற்றுவதற்கு முன் கீசரின் லேபிளைப் படியுங்கள். மாடிக் கட்டடங்களுக்கென்று விற்கப்படும் ஸ்டோரேஜ் கீசர்கள் (தண்ணீரைத் தேக்கிச் சூடாக்குபவை) பல 8 கிலோ வரை தாங்கும். எல்லா மாடலும் அப்படி இல்லை.

பம்ப் சரியான இடத்தில் இருந்தும் சூடு சீரான தாளத்தில் ஏறி இறங்கினால், பம்ப் விட்டு விட்டு ஓடுகிறதா என்று காது கொடுத்துக் கேளுங்கள். பிரஷர் சுவிட்ச் ஒரு அளவில் போட்டு இன்னொரு அளவில் அணைக்கும். இந்த ஏற்ற இறக்கத்தை மெத்தென்று ஆக்குவது பக்கத்தில் இருக்கும் பிரஷர் டேங்கின் காற்று. அந்தக் காற்று இறங்கிவிட்டால் பம்ப் சில நொடிக்கு ஒருமுறை போட்டுப் போட்டு அணைக்கும். டேங்கின் தலையில் சைக்கிள் ட்யூபில் இருப்பது போன்ற ஒரு வால்வு இருக்கும். அதை லேசாக அழுத்தினால் காற்று வர வேண்டும். தண்ணீர் வந்தால் உள்ளே ரப்பர் பை கிழிந்துவிட்டது, மாற்ற வேண்டும். காற்று வலுவில்லாமல் வந்தால் பம்பை நிறுத்தி, குழாயைத் திறந்து தண்ணீரை வடித்துவிட்டு, பம்ப் போடும் அழுத்தத்துக்குச் சற்றுக் கீழே வரும்வரை காற்று அடிக்கலாம்.

எல்லாவற்றையும் பார்த்தாகிவிட்டது. வெந்நீரே வெதுவெதுப்பாகத்தான் வருகிறது. கீசரும் புதிது. வேறென்ன?

இது எங்கள் வீட்டிலேயே நடந்தது, அதனால் விரிவாகச் சொல்கிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி, வெந்நீர் இல்லாமல் ஆகாது. மார்கழி மாதம், மாடிக் குளியலறை ஷவரில் சூடு நிற்கவில்லை. கூப்பிட்டு வந்த பிளம்பர் கீசர் போய்விட்டது என்றார். புதியது வாங்கி மாட்டினோம். இரண்டு நாள் நன்றாக இருந்தது, மூன்றாம் நாள் பழைய கதை.

காரணம் கீழ்த்தளக் குளியலறையில் இருந்தது. அங்கே சுவர் மிக்சரில் ஹேண்ட் ஷவர் மாட்டியிருந்தோம். அதன் கைப்பிடியிலேயே அமுக்கினால் திறக்கும் குமிழ் உண்டு. குளித்து முடித்தவர்கள் மிக்சரின் இரண்டு குமிழையும் திறந்தபடி விட்டுவிட்டு, கைப்பிடிக் குமிழிலிருந்து மட்டும் விரலை எடுத்துவிட்டார்கள். தண்ணீர் வெளியே வராததால் மூடியாகிவிட்டது என்றுதான் யாருக்கும் தோன்றும். மிக்சருக்குள் இரண்டு பக்கமும் திறந்தே இருக்கும்போது, அழுத்தம் அதிகமான பச்சைத் தண்ணீர் வெந்நீர் குழாய்க்குள் புகுந்து, மாடிக்குப் போகும் வெந்நீரை விளாவிக்கொண்டே இருந்தது. கீழே யாரும் குளிக்காத இரண்டு நாளில் மாடியில் சரியாக இருந்ததற்குக் காரணம் அதுதான். அந்த இரண்டு நாளும் கீழ் அறையில் தங்கியவர்கள் மிக்சரை மூடிவிட்டு ஊருக்குப் போயிருந்தார்கள்.

இதைக் கண்டுபிடிக்கும் சோதனை மிக எளிது. கீசரை அணைத்துவிட்டு, கீசருக்குள் போகும் தண்ணீரை மூடுங்கள். பிறகு ஏதாவது ஒரு வெந்நீர் குழாயை மட்டும் திறந்து வையுங்கள். குழாயில் நின்றது வடிந்து, சில நொடியில் நின்றுவிட வேண்டும். நிற்காமல் வந்துகொண்டே இருந்தால், கீசர் வழியாக இல்லாமல் வேறெங்கோ பச்சைத் தண்ணீர் வெந்நீர் குழாயில் கலக்கிறது. வீட்டில் உள்ள மிக்சர்களின் ஆங்கிள் காக்குகளை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே வாருங்கள். எதை மூடும்போது ஓட்டம் நிற்கிறதோ அதுதான் குற்றவாளி. திறந்து விட்ட ஹேண்ட் ஷவராக இருக்கலாம், உள்ளே தேய்ந்த சிங்கிள் லீவர் (ஒரே பிடி) மிக்சராகவும் இருக்கலாம். சமையலறை மிக்சர் தேய்ந்து குளியலறையைப் படுத்தியதையும் பார்த்திருக்கிறேன்.

மூன்று லிட்டர் இன்ஸ்டன்ட் கீசர் வைத்திருக்கிறோம். ஷவருக்கு அது போதாதா?

நம் சமவெளிக் குளிர்காலத்துக்குப் பக்கெட்டுக்குப் போதும், ஷவருக்குப் போதாது. கணக்கு இதோ: 3 கிலோவாட் சூடாக்கி, நிமிடத்துக்கு ஒரு லிட்டர் ஓடும் தண்ணீரை 43 டிகிரி உயர்த்தும். 25 டிகிரித் தண்ணீரை 40 டிகிரிக்குக் கொண்டுவர 15 டிகிரி வேண்டும். அப்படியென்றால் நிமிடத்துக்கு மூன்று லிட்டருக்கும் சற்றுக் குறைவாகத்தான் தர முடியும். சாதாரண ஷவர் தலை நிமிடத்துக்கு ஏழெட்டு லிட்டர் கேட்கும். தொட்டியில் இருக்கும் மூன்று லிட்டர் சூடு தீரும்வரை சுடும், பிறகு ஆறும், ஓட்டத்தைக் குறைத்தால் மறுபடி சுடும். ஊட்டியில் 12 டிகிரியில் வரும் தண்ணீருக்கு நிமிடத்துக்கு ஒன்றரை லிட்டர்தான் கிடைக்கும்.

மின்னழுத்தமும் சேர்ந்து விளையாடும். 230 வோல்ட்டுக்குப் பதில் 190 வந்தால் சூடாக்கியின் திறன் மூன்றில் இரண்டு பங்குக்கு இறங்கிவிடும். உங்கள் 3 கிலோவாட் கீசர் அப்போது 2 கிலோவாட்தான். ஊர்ப்புறங்களில் சாயங்கால நேரம் வெந்நீர் மந்தமாக இருப்பதற்கு இதுவே காரணமாகலாம்.

15 லிட்டர் ஸ்டோரேஜ் கீசர்தான். ஐந்து நிமிடத்தில் ஆறிவிடுகிறது.

60 டிகிரியில் இருக்கும் 15 லிட்டரை 25 டிகிரித் தண்ணீருடன் விளாவினால் 40 டிகிரியில் 35 லிட்டர் கிடைக்கும். நிமிடத்துக்கு 8 லிட்டர் என்றால் நாலரை நிமிடத்தில் தீர்ந்துவிடும். அடுத்தவருக்கு மறுபடி காய 2 கிலோவாட்டில் 18 நிமிடம் ஆகும். கீசர் தன்னால் முடிந்ததைச் சரியாகச் செய்கிறது. 25 லிட்டர் கீசர் வாங்குங்கள், இல்லையென்றால் தண்ணீரைக் குறைவாகவும் விரிவாகவும் தெளிக்கும் ஷவர் தலையைப் போடுங்கள்.

ஐந்து நிமிடம் அல்ல, ஒரு நிமிடத்திலேயே வெதுவெதுப்பாகிவிட்டால்தான் கீசரைச் சந்தேகிக்க வேண்டும். முதலில் பார்க்க வேண்டியது இணைப்பு மாறியிருக்கிறதா என்பதை. நீல வளையம் உள்ளே போகும் தண்ணீருக்கு, சிவப்பு வெளியே வரும் வெந்நீருக்கு. கீசருக்குள் வெந்நீர் மேலே நிற்கும். சிவப்புக் குழாய் மேல்வரை நீண்டு அங்கிருந்து எடுக்கும். இணைப்பை மாற்றி மாட்டினால் பச்சைத் தண்ணீர் மேலே விழுந்து கலக்க, அடியிலிருந்து வெதுவெதுப்புத்தான் வெளியே வரும். புதிதாக மாட்டிய நாளிலிருந்தே இருக்கும் கோளாறென்றால் இதைத்தான் முதலில் பார்ப்பேன். பல வருடம் நன்றாக இருந்து திடீரென்று வந்தால் உள்ளே இருக்கும் அந்த நீளக் குழாய் அரித்து ஒடிந்திருக்கலாம், சூடாக்கியில் உப்பு ஏடு கட்டியிருக்கலாம், தெர்மோஸ்டாட் தளர்ந்திருக்கலாம்.

கேஸ் கீசர் அணைந்து அணைந்து எரிகிறது.

இதில் ஒரு சுழல் இருக்கிறது. புரிந்துகொண்டால் பாதி தீர்ந்தது. ஸ்டோரேஜ் கீசர் போல இதற்குள் சேமிப்பு இல்லை. எரிவாயு ஒரே அளவில் எரிகிறது. அதனால் உள்ளே ஓடும் தண்ணீர் குறைந்தால் சூடு கூடும், கூடினால் குறையும். ஷவரில் சுடுகிறதே என்று பச்சைத் தண்ணீரைக் கொஞ்சம் திறக்கிறீர்கள். அது வெந்நீர் வரத்தை நெருக்குகிறது. கீசருக்குள் ஓட்டம் குறைந்து வெந்நீர் இன்னும் சுடுகிறது. நீங்கள் இன்னும் திறக்கிறீர்கள். ஓட்டம் ஒரு எல்லைக்குக் கீழே போனதும் கீசரின் பாதுகாப்பு அமைப்பு தீயை அணைத்துவிடுகிறது. தலையில் பச்சைத் தண்ணீர் விழுகிறது. பதறிப்போய் அதை மூடியதும் ஓட்டம் கூடி மறுபடி பற்றிக்கொள்கிறது.

ஆகவே கேஸ் கீசரில் விளாவுவதைக் கூடியவரை தவிருங்கள். பச்சைத் தண்ணீரை மூடிவிட்டு, கீசரில் இருக்கும் எரிவாயுக் குமிழையும் தண்ணீர் குமிழையும் திருகி, குளிக்கும் பதத்திலேயே வெந்நீர் வரும்படி வைத்துக்கொள்ளுங்கள். ஷவர் தலையில் உப்பு அடைத்திருந்தாலும், கீசர் வாயிலில் இருக்கும் சல்லடையில் மண் சேர்ந்திருந்தாலும் இதே போல அணையும். தீப்பொறி தரும் இரண்டு பெரிய பேட்டரிகள் தீர்ந்திருந்தாலும் அப்படித்தான்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கேஸ் கீசரைக் குளியலறைக்குள் மாட்டக்கூடாது. மூடிய அறையில் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு வாசனை இல்லை, நிறம் இல்லை. தலைசுற்றல், தலைவலி, கால் தளர்தல் என்று தொடங்கி மயக்கத்தில் உயிர் போன வீடுகள் நம் நாட்டில் உண்டு. வெளிக்காற்று தாராளமாகப் படும் இடத்தில் மாட்டி, வெந்நீர் குழாயை மட்டும் உள்ளே கொண்டுவாருங்கள். இப்போது உள்ளே இருந்தால், ஷவர் பதத்தை விட்டுவிட்டு முதலில் இதைச் செய்யுங்கள்.

சோலார் வெந்நீரில் மொட்டை மாடிக் குழாய் வழியாகத் தண்ணீர் வழிகிறது. ஷவரிலும் வெந்நீர் வரவில்லை.

வழிவது ஏர் வென்ட், அதாவது சோலார் தொட்டியில் காற்றுப் போக விட்டிருக்கும் குழாய். குளியலறைப் பச்சைத் தண்ணீருக்குப் பம்ப் இருக்கிறது, சோலார் வெந்நீர் தன் உயரத்தில் இருந்து சும்மா இறங்குகிறது என்றால், மிக்சரில் பம்ப் தண்ணீர் வெந்நீர் குழாய் வழியே மேலேறி சோலார் தொட்டிக்குள் போய் வென்ட்டில் வழியும். கஷ்டப்பட்டுக் காய்ந்த வெந்நீர் மொட்டை மாடியில் ஓடுகிறது. வெந்நீர் குழாயில் ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு போட்டால் வழிவது நிற்கும், ஷவரில் பதம் வராது. பதம் வேண்டுமென்றால் இரண்டும் ஒரே அழுத்தத்தில் வர வேண்டும். சோலார் இருக்கும் குளியலறைக்குப் பச்சைத் தண்ணீரும் பம்ப் இல்லாமல் மாடித் தொட்டியிலிருந்தே இறங்கட்டும். அழுத்தம் தாங்காத சாதாரண சோலார் தொட்டிக்குப் பம்ப் தண்ணீரைக் கொடுத்துச் சரிசெய்யலாம் என்று நினைக்காதீர்கள். தொட்டி பிளந்துவிடும்.

எங்களுடையது போர்த் தண்ணீர், உப்பு அதிகம். அதனால் இருக்குமா?

நிச்சயம் பங்குண்டு. தண்ணீர் சூடாக ஆக அதில் கரைந்த சுண்ணாம்பு வெள்ளை ஏடாகப் பிரிந்து படியும். சூடாக்கி, நான்-ரிட்டர்ன் வால்வு, மிக்சரின் சல்லடை, ஷவர் துளை என்று வெந்நீர் போகும் வழியெல்லாம் ஒட்டும். பச்சைத் தண்ணீர் வழி அவ்வளவு அடையாது. வருடா வருடம் வெந்நீர் சுணங்குவது இதனால்தான்.

ஷவர் தலையைக் கழற்றி வினிகரிலோ, லெமன் சால்ட் கரைத்த வெதுவெதுப்பான தண்ணீரிலோ இரவு ஊறவிட்டு, காலையில் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தால் விட்டுவிடும். கழிப்பறை கழுவும் ஆசிடை ஊற்றாதீர்கள், முலாம் பொரிந்துவிடும். கீசரின் தெர்மோஸ்டாட்டை 75-இல் வைக்காமல் 55 முதல் 60-க்குள் வைத்தால் உப்பு படிவதும் மெதுவாகும். கீசருக்குள் இருக்கும் மெக்னீசியம் கம்பி, தொட்டி துருப்பிடிக்காமல் தான் கரைந்து காப்பாற்றுவது. போர்த் தண்ணீரில் அது சீக்கிரம் கரையும் என்பதால் வருடாந்தரச் சர்வீஸில் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

மிக்சர் கார்ட்ரிட்ஜை நானே மாற்றலாமா?

சிங்கிள் லீவர் மிக்சருக்குள் தண்ணீரைக் கலக்கும் உருளைதான் கார்ட்ரிட்ஜ். நிதானம் இருந்தால் மாற்றலாம். வெந்நீர், பச்சைத் தண்ணீர் இரண்டையும் மூடி, லீவரைத் திறந்து குழாயில் மிச்சமுள்ளதை வடியுங்கள். லீவரில் சிவப்பு-நீலப் பொட்டு இருக்கும். அதை நெம்பி எடுத்தால் உள்ளே ஒரு சின்ன அல்லன் ஸ்க்ரூ. அதைத் தளர்த்தி லீவரைக் கழற்றி, மூடியை எடுத்து, நட்டை ஸ்பானரால் திருகினால் கார்ட்ரிட்ஜ் கையோடு வரும். பெரும்பாலும் 35 அல்லது 40 மில்லிமீட்டர். அளவை மட்டும் சொல்லி வாங்காதீர்கள், பழையதையே கடைக்குக் கொண்டுபோங்கள். அடியில் இருக்கும் முளைகள் பொருந்தவில்லை என்றால் உட்காராது. மாட்டும் முன் உள்ளே உள்ள மணலையும் ஏட்டையும் துணியால் துடைத்துவிடுங்கள்.

பழைய மாதிரி ரப்பர் வாஷர் போட்ட திருகுக் குழாய் என்றால் வேறொரு விஷயம். சூடு பட்டதும் அந்த வாஷர் உப்பி, திறந்து வைத்த வழியைத் தானே குறுக்கும். இரண்டு நிமிடத்தில் வெந்நீர் சன்னமாகிப் பதம் இறங்கும். ரப்பருக்குப் பதில் செராமிக் தட்டு உள்ள ஸ்பிண்டில் (குழாயின் உள்திருகு) மாற்றினால் தீர்ந்துவிடும்.

சுவருக்குள் பதித்த டைவெர்ட்டராக (தண்ணீரை ஷவருக்கும் குழாய்க்கும் திருப்பிவிடும் மிக்சர்) இருந்து, தனியாக மூடும் காக்கும் இல்லாவிட்டால் நல்ல பிளம்பரிடம் விட்டுவிடுங்கள்.

தெர்மோஸ்டாட்டிக் மிக்சர் வாங்கினால் எல்லாம் சரியாகிவிடுமாமே?

அருமையான பொருள்தான். உள்ளே இருக்கும் மெழுகு சூட்டுக்கு ஏற்ப விரிந்து சுருங்கி, கலவையைத் தானே திருத்திக்கொள்ளும். 38 டிகிரியில் ஒரு தடுப்புப் பொத்தானும் இருக்கும், குழந்தைகள் கை தவறித் தாண்ட முடியாது. ஆனால் பல மாடல்களுக்கு அரைக் கிலோவாவது அழுத்தம் வேண்டும். மேல்மாடியில் பம்ப் இல்லாமல் மாட்டினால் தண்ணீர் நூல் போலத்தான் வரும். இரண்டு குழாய்க்கும் பொதுவான பம்பும், 25 லிட்டர் கீசரும் இருக்கும் வீட்டில் வாங்குங்கள். முதியவர்கள் தனியாகக் குளிக்கும் வீடு என்றால் இந்தச் செலவு தகும் என்பேன்.

வாடகை வீடு. சுவரைத் தொட முடியாது. எங்களால் என்ன செய்ய முடியும்?

பக்கெட் சோதனையில் பச்சைத் தண்ணீர் வேகமாக நிரம்பினால், அதன் காக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடி, இரண்டும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் நிரம்பும்படி செய்யுங்கள். மொத்தத் தண்ணீர் கொஞ்சம் குறையும், ஆனால் மிக்சர் பிடி நடுவில் நிற்கும்போதே பதம் கிடைக்கும், சின்ன அசைவுக்குத் தாவாது. ஃப்ளஷ் காக்கை ஒடுக்குங்கள். ஷவர் தலையை ஊறவையுங்கள். ஹேண்ட் ஷவர் இருந்தால் மிக்சரிலேயே மூடும் பழக்கத்தை வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவையுங்கள். இவ்வளவுக்கும் செலவு வினிகர் பாட்டில் மட்டும்.

சித்திரை வெயிலில் பச்சைத் தண்ணீர் குழாயே சுடுகிறது. அதற்கு வழி?

மாடித் தொட்டியும் மொட்டை மாடியில் ஓடும் குழாயும் காய்கின்றன. குழாயில் நின்றது கொதிக்கும், அது போனதும் தொட்டித் தண்ணீர் வரும், சற்று ஆறுதலாக இருக்கும். தொட்டிமேல் தென்னங்கீற்றுப் பந்தலோ ஷீட்டோ போட்டு, வெயில் படும் குழாயில் கறுப்பு நுரை உறை சுற்றினால் நல்ல வித்தியாசம் தெரியும்.

குளிக்கும்போது லேசாக ஷாக் அடிப்பது போல் ஒரு குறுகுறுப்பு. அதுவும் இதில் சேர்ந்ததா?

இல்லை, இது வேறு. உடனே வெளியே வந்து மெயின் போர்டில் கீசர் சுவிட்சை அணையுங்கள். எலக்ட்ரீஷியன் வந்து பார்க்கும்வரை யாரும் அந்தக் கீசரைத் தொட வேண்டாம். சூடாக்கியின் மேலுறை வெடித்துத் தண்ணீரில் மின்சாரம் கசியலாம், எர்த் இணைப்பு அறுந்திருக்கலாம். வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்சாரம் கசிந்தால் தானே துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறதா என்று அன்றே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இல்லாவிட்டால் கீசரைச் சரிசெய்யும் அதே நாளில் அதையும் மாட்டச் சொல்லுங்கள்.